நாள்கல்லுக்குக் கீழே

பண்டத்தரிப்பில் முத்துக்குமாருவின் படலையைக் கேட்காமல் திறந்து உள்ளே வந்தவர்கள் இரண்டே வகை. ஒன்று ஆமி. மற்றது சார்ஜன் செபநாயகம். மிச்சப்பேர் எல்லோரும், ஊருக்கு அதிகாரியான விதானையார் உட்பட, வெளியே நின்றுதான் கூப்பிட வேண்டும். முத்துக்குமாரு உள்ளே நின்று வேலிப் பொட்டுக்குள்ளால் பார்ப்பார். தெரியாத ஆளென்றால் ஒரு தரம் பார்ப்பார். தெரிந்த ஆளென்றால் இரண்டு தரம் பார்ப்பார். தெரியாதவன் ஏமாற்ற ஒரு மாதம் வேண்டும், தெரிந்தவனுக்கு ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் போதும் என்பது அவருடைய எண்ணம்.

வயது எழுபத்தொன்பது. படித்தது மூன்றாம் வகுப்பு. அச்சடித்த எழுத்தை எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவார். கையெழுத்து என்றால் கடதாசியில் எறும்பு ஊர்கிற மாதிரித்தான் அவருக்கு. வெங்காயமும் புகையிலையும் செய்து பிழைத்த மனுசன். விதை வெங்காயம் வாங்கினால் ஒவ்வொன்றாக நசித்துப் பார்ப்பார். டொக்டர் குளிசை எழுதித் தந்தால், அதே குளிசையைக் குடிக்கிற ஆள் ஊரில் யாராவது உயிரோடு இருக்கிறானா என்று விசாரித்த பிறகுதான் விழுங்குவார். வெளியே போகும்போது படலையில் இரண்டு பூட்டைப் போட்டு, அதற்கு மேல் ஒரு கறுப்பு நூலையும் கட்டிவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் பூட்டைப் பார்ப்பதில்லை. நூலைத்தான் பார்ப்பார்.

இப்படிப்பட்ட மனுசன் செபநாயகத்தை நம்பியதற்கு ஒரு காரணம் இருந்தது. எழுபதுகளில் ஒரு முறை அவருடைய தண்ணீர் இறைக்கிற மெசின் களவு போனது. அப்போது செபநாயகம் பொலிசில் இருந்தார், லீவில் ஊருக்கு வந்து நின்றார். மூன்றாம் நாள் காலையில் மெசினைச் சைக்கிள் கரியரில் கட்டி உருட்டிக்கொண்டு வந்து கிணற்றடியில் இறக்கினார்.

"ஆர் எடுத்தது?" என்று முத்துக்குமாரு கேட்டார்.

"உனக்குச் சாமான் வேணுமோ, சண்டை வேணுமோ?"

அவ்வளவுதான். சாகும்வரை செபநாயகம் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. இந்த ஆளின் வாய்க்குள் ஒன்று போனால் அது வெளியே வராது என்று முத்துக்குமாரு அன்றைக்கே முடிவு கட்டினார். அவர் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர், இவர் சைவம். அதைப்பற்றி இரண்டு பேரும் கவலைப்படவில்லை. பொலிஸ் வேலை இல்லாமல் போன பிறகு செபநாயகம் ஊரோடு வந்து இருந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு வருவார். வீட்டின் வடகிழக்கு மூலையில், வெளியே, சுவரோடு சாய்ந்து குந்தியிருப்பார். முத்துக்குமாருவின் பெண்சாதி பாலேஸ்வரியின் கையால் ஒரு கோப்பி குடிப்பார். ஊர்க்கதை, உலகக்கதை. இருட்டுகிற நேரம் எழும்பிப் போவார். முப்பத்தெட்டு வருசம் அப்படியே போனது.

புரட்டாதி மாதம் செபநாயகம் செத்துப்போனார். சாவதற்கு இரண்டு நாளுக்கு முன்னால், ஆசுப்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி முத்துக்குமாருவின் கையைப் பிடித்துச் சொன்னார்.

"முத்தர், என்ரை சாமான் ஒண்டு உனக்கு. எல்லாரும் அழுது முடியட்டும். ஸ்ரெல்லா தருவாள்."

ஸ்ரெல்லா செபநாயகத்தின் மகள். பள்ளிக்கூட ரீச்சராக இருந்து பென்சன் எடுத்தவள். தகப்பனைக் கடைசிவரை பார்த்தவளும் அவள்தான். சாமான் என்னவாக இருக்கும் என்று முத்துக்குமாரு ஒரு மாதமாக யோசித்தார். மணிக்கூடாக இருக்கலாம். பொலிஸ் காலத்துப் பித்தளை விசிலாக இருக்கலாம். மணிக்கூடு என்றால் ஸ்ரெல்லா நல்லதை எடுத்துக்கொண்டு பழசைத் தருவாளோ என்றும் ஒரு யோசனை ஓடியது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, வீட்டில் சாப்பாடு. பந்தியில் இலை போடுவதற்கு முதல் ஸ்ரெல்லா அவரை அறைக்குள் கூப்பிட்டாள். மேசையில் செபநாயகத்தின் படம், அதற்கு முன்னால் ஒரு மெழுகுதிரி. ஒட்டிய கடித உறை ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"முத்து மாமா, அப்பா உங்களுக்கெண்டு வச்சிட்டுப் போனது."

முத்துக்குமாரு உறையை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். ஒட்டின இடத்தை நகத்தால் தடவினார்.

"உடைச்சுப் பாத்தனியோ?"

"இல்லை மாமா. அப்பாவின்ரை படத்துக்கு முன்னாலை நிண்டு பொய் சொல்லுவனே?"

"உன்ரை கொப்பர் பொலிஸ், பிள்ளை. அவனுக்கு முன்னாலை நிண்டு பொய் சொல்லாத ஆள் ஆர்? கதவைச் சாத்திப்போட்டு வாசி. மெல்லமா வாசி."

ஸ்ரெல்லா சிரித்துக்கொண்டுதான் வாசிக்கத் தொடங்கினாள். இரண்டாவது வரியில் சிரிப்பு நின்றுவிட்டது.

"முத்தர், நான் சொன்ன சாமான் என்ரை சேர்விஸ் றிவோல்வர். எண்பத்தைஞ்சிலை எங்கடை பொலிஸ் ஸ்ரேசனுக்கு இயக்கப் பெடியளின்ரை அடி விழுந்த நாள் நான் ஒரு ஆளைக் கோட்டுக்குக் கொண்டுபோயிருந்தன். திரும்பி வந்து பாத்தா ஸ்ரேசன் இல்லை. றிவோல்வர் இடுப்பிலை கிடந்திட்டுது. அது கையெழுத்து வச்சு எடுத்த சாமான். திருப்பிக் குடுக்க இடமில்லை, எறியவும் மனமில்லை. பெடியளுக்குத் தெரிஞ்சா அதுக்காக வருவாங்கள். ஆமிக்குத் தெரிஞ்சா எனக்காக வருவாங்கள். உன்ரை வீட்டுக்கு நாள்கல் வைக்கேக்கை நான் ஒரு ரின் வச்சது உனக்கு ஞாபகமிருக்கும். மடு மண் எண்டு சொன்னனான். அதுக்குள்ளைதான் கிடக்கு. ஊரிலை ஒருத்தரையும் நம்பாத ஆள் நீ. உன்ரை வளவைப்போலை காவலான இடம் வேறை இல்லை. உனக்குச் சொல்லியிருந்தா நீ ஒரு நாளும் கண் மூடியிருக்க மாட்டாய், அதாலை சொல்லேல்லை. இனி அது உன்ரை. என்ரை ஞாபகமா வச்சிரு. வேண்டாமெண்டா என்ன செய்யிறதெண்டு நீயே யோசி. செபநாயகம், பொலிஸ் சார்ஜன்."

வெளியே பந்திக்கு யாரோ இலை கேட்கிற சத்தம். முத்துக்குமாரு கட்டிலின் விளிம்பைத் தேடிப் பிடித்து இருந்தார்.

"மாமா, சத்தியமா எனக்குத் தெரியாது."

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். சுண்ணாம்பு பூசின மாதிரி இருந்தது. இது தெரிந்தவளின் முகமில்லை.

"இன்னொருக்கா வாசி."

இன்னொருக்கா வாசித்தாள். கடிதம் மாறவில்லை. முத்துக்குமாரு அதை அவளுடைய கையிலிருந்து எடுத்து, மெழுகுதிரியில் பிடித்தார். விரல் சுடும்வரை பிடித்திருந்துவிட்டுச் சாம்பலைக் கையில் கசக்கினார். படத்துக்குள் செபநாயகம் யூனிபோமோடு நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவசங்கீர்த்தனம் எண்டு கோயிலிலை போய்ச் சொல்லிப்போடாதை."

"சாமியார் ஒருத்தருக்கும் சொல்லமாட்டார் மாமா."

"உன்ரை கொப்பரும்தான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பாத்தியே, எங்கை வந்து முடிஞ்சிருக்கெண்டு."

சாப்பிடாமல் வெளியே வந்தார். செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு நடந்ததை வீட்டுக்கு வந்துதான் கண்டார். ஒரு கால் செருப்பு அவருடையது, மற்றது யாருடையதோ. படலையில் நூல் அறுந்திருந்தது. பாலேஸ்வரிதான் தன்னிடமிருந்த திறப்பால் திறந்து, பூப்பறிக்க வெளியே போயிருப்பாள். வேறு நாளென்றால் ஒரு விசாரணை வைத்திருப்பார். அன்றைக்கு நூலைப் பார்த்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. முப்பத்தெட்டு வருசமாக வெளியிலிருந்து வருகிறவனுக்கு நூல் கட்டியிருக்கிறார். உள்ளே கிடந்ததைக் காணவில்லை.

வெள்ளிக்கிழமை. பாலேஸ்வரி வடகிழக்கு மூலையில் சிட்டி விளக்குக் கொளுத்தி, இரண்டு செவ்வரத்தம் பூவை வைத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள்.

அந்த மூலையில்தான் நாள்கல் இருந்தது. எண்பத்தாறாம் ஆண்டு, வைகாசி மாதம். நல்ல நாள் பார்த்து வீட்டுக்கு முதல் கல் வைக்கிற சடங்கு. கைராசியுள்ள சொந்தக்காரர் ஒருவர் வைக்க வேண்டும் என்பது முறை. முத்துக்குமாருவுக்குச் சொந்தத்தில் ஒருவர் மேலும் நம்பிக்கை இல்லை. இவன் வைத்தால் எரிச்சலோடு வைப்பான், அவன் வைத்தால் நாளைக்கு வீட்டில் பங்கு கேட்பான் என்று எல்லோரையும் தள்ளிவிட்டு, "சார்ஜன் வைக்கட்டும்" என்றார். வேதக்காரன் நாள்கல் வைப்பதா என்று சொந்தக்காரர் முணுமுணுத்தார்கள். ஐயர்கூட ஒரு கணம் மந்திரத்தை நிறுத்தினார். செபநாயகம் குளித்து, வேட்டி கட்டி வந்து, குழிக்குள் நவதானியம் போட்டார், பால் வார்த்தார். பிறகு ஈயத்தால் ஒட்டின ஒரு பால்மா ரின்னைக் கொண்டுவந்தார்.

"மடு மாதா கோயில் மண், முத்தர். இது கிடந்தா வீட்டுக்குள்ளை பாம்பு வராது. வைக்கட்டே?"

வன்னிக் காட்டுக்குள் இருக்கிற மடுவின் மண்ணுக்குப் பாம்பு விலகும் என்பது சைவக்காரருக்கும் தெரிந்த விசயம்தான். பாலேஸ்வரி உடனே ஓமென்றாள். முத்துக்குமாரு ரின்னைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

"பாரமாக் கிடக்கு?"

"மண் பாரம்தானே," என்றார் செபநாயகம்.

மெய்தானே என்று அவரும் திருப்பிக் கொடுத்தார். அவருடைய சீவியத்தில் திறந்து பார்க்காமல் உள்ளே எடுத்த ஒரே சாமான் அது.

அந்த வீட்டுக்குள் ஒரு நாளும் பாம்பு வரவில்லை. அதை அவர் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். வளவுக்குள் வரும், கிணற்றடிக்கு வரும், வீட்டு வாசலைத் தாண்டாது. பாலேஸ்வரி வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த மூலையில் மாதாவுக்கு விளக்கு வைத்தாள்.

முத்துக்குமாரு முற்றத்தில் நின்றபடியே விளக்கைப் பார்த்தார். ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. இந்தியன் ஆமிக்காரன் ஒருவன் அந்த மூலையில் குந்தியிருந்து செம்பில் தண்ணீர் குடித்தது. தொண்ணூற்றைந்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தென்மராட்சிக்கு ஓடும்போது, பாதி வழியில் செபநாயகம் நின்று திரும்பி ஊர்ப்பக்கம் பார்த்தது. பிறகு தொண்ணூற்றாறு. ஊருக்குத் திரும்பி வந்த கையோடு ஒரு சுற்றிவளைப்பு. சிப்பாய் ஒருவன் நீளத் தடியில் தட்டு மாதிரி ஒரு கருவியோடு வளவைத் தடவிக்கொண்டு வந்தான். மூலைக்கு வந்ததும் அது கீச்சிட்டது. அவன் துவக்கைத் திருப்பினான். முத்துக்குமாரு கொஞ்சமும் பயப்படவில்லை. பயப்பட ஏதும் இல்லையே. "கம்பி, கம்பி. அத்திவாரக் கம்பி," என்று சுவரில் தட்டிக் காட்டி, அவனை ஒரு விசரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவன் போய்விட்டான். பக்கத்தில் நின்ற செபநாயகம் முகமெல்லாம் வேர்த்து, தண்ணீர் கேட்டார். வெயில் என்றுதான் இவர் நினைத்தார்.

அந்த அத்திவாரத்தில் கம்பியே இல்லை. கல்லும் சுண்ணாம்பும்தான். அன்றைக்கு ஏன் கம்பி என்று சொன்னாரோ, அது அவருக்கே தெரியாது.

இப்போது, முற்றத்தில், அந்தப் பயம் வந்தது. இருபத்தெட்டு வருசம் பிந்தி வந்தது. கிணற்றுக்கட்டில் இருந்தார். பயத்துக்குப் பின்னால் இன்னொன்றும் வந்தது. அதுதான் போக மறுத்தது. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக அவன், செபநாயகம், அந்த மூலையில்தான் வந்து குந்தினான். கதிரை எடுத்து வைத்தாலும் இருக்க மாட்டான். இந்தச் சுவர்தான் குளிர்மை என்பான். அவன் வந்தது என்னைப் பார்க்கவா, சாமானைப் பார்க்கவா?

ஒரு கிழமை அவர் பாலேஸ்வரிக்குச் சொல்லவில்லை. நாயைக் கொண்டுபோய் அந்த மூலையில் கட்டினார். அந்தப் பக்கத்து அறையில் படுக்காமல் குசினிக்குள் பாயை விரித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் விளக்குத் திரியை எடுத்துக்கொண்டு போக, "உங்கை விளக்கு வையாதை!" என்று கத்தினார்.

பாலேஸ்வரி திரும்பி வந்து முன்னால் நின்றாள். "இஞ்சருங்கோ. செத்தவீட்டிலை ஆரும் ஏதும் சொன்னவையோ? இல்லாட்டி உங்களுக்கு மண்டை பிசகிட்டுதோ?"

சொன்னார். குரலைத் தாழ்த்தி, வேலிப்பக்கம் பார்த்துப் பார்த்துச் சொன்னார். அவள் திரியைக் கையில் வைத்து உருட்டியபடியே கேட்டாள்.

"அப்ப நான் இவ்வளவு காலமும் ஆருக்கு விளக்கு வச்சனான்?" என்றாள்.

அவர் எழும்பிப் போய், நாய் கட்டின கயிற்றுக்கு இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினார்.

ஐப்பசி மழை இரண்டு பாட்டம் பெய்து ஓய்ந்த ஒரு காலையில் ஸ்ரெல்லா வந்தாள். படலைக்கு வெளியே நின்று கூப்பிட்டாள். அவர் திறந்தார், வேலிப் பொட்டுக்குள்ளால் பார்க்கவும் மறந்துபோனார்.

"மாமா, ஆத்துமாக்கள் திருநாளுக்கு முதல் அப்பாவுக்குக் கல்லறை கட்டவேணும். மேசன் எமில்ராஜைப் பேசியிருக்கு. முதல் கல் நீங்கள்தான் வைக்கோணும். அப்பா சொல்லியிருந்தவர்."

"உன்ரை கொப்பர் வச்ச கல்லே எனக்குக் காணும்."

ஸ்ரெல்லாவின் கண் நிரம்பியது. "பொலிசுக்குச் சொல்லுவமெண்டா நான் உங்களோடை வாறன் மாமா. எல்லாத்தையும் நான் சொல்லுறன்."

"சொல்லு. அவங்கள் வந்து நாலு பக்கமும் நாடா கட்டி, பெக்கோ கொண்டு வந்து வீட்டைக் கிண்டுவாங்கள். ஊர் கூடி நிண்டு போனிலை படமெடுக்கும். 'வேறை என்னெல்லாம் தாட்டு வச்சிருக்கிறாய், கிழவா' எண்டு கேட்பாங்கள். நான் 'மடு மண்' எண்டு சொல்லட்டே? எனக்கே நம்பேலாமல் கிடக்கு, அவங்கள் நம்புவாங்களே?"

"அப்பாவிலை கோவமோ மாமா?"

"ஒண்டு கேக்கிறன், தெரிஞ்சா சொல்லு. அவன் ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிடேக்கை என்ன சொல்லிப்போட்டு வாறவன்? முத்தரைப் பாத்திட்டு வாறன் எண்டோ? இல்லை, சும்மா போட்டு வாறன் எண்டோ?"

ஸ்ரெல்லா யோசித்தாள். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"ஒண்டும் சொல்லிப்போட்டு வாறேல்லை மாமா. சைக்கிளை எடுப்பார். அவ்வளவுதான்."

அன்றைக்கு மத்தியானமே முத்துக்குமாரு அலவாங்கை எடுத்தார். அயலில் ஒரு கலியாணவீடு. வேலியின் இரண்டு பக்கத்திலும் ஆளில்லை. பாலேஸ்வரி படலைக்குள் நின்று விளக்குமாற்றால் கூட்டத் தொடங்கினாள். கூட்டின இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினாள். யாராவது வந்தால் இருமுவதாக ஏற்பாடு.

மழைக்கு மண் இளகியிருந்தது. சுவருக்கு வெளியே, மூலையோடு சேர்த்துக் கிண்டினார். எழுபத்தொன்பது வயதுக் கை. பத்துக் குத்துக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினார். முழங்கால் ஆழத்தில் நாள்கல் தெரிந்தது. பக்கவாட்டில் அலவாங்கை நுழைத்து நெம்பி, கையை விட்டுத் துழாவினார். விரலில் தகரம் பட்டது.

ரின் கறள் பிடித்து மட்டை மாதிரி இருந்தது. தூக்கும்போதே அடி பிய்ந்தது. சாக்கை விரித்து அதன் மேல் வைத்து மூடியை நெம்பினார். முதலில் மண். மண்ணுக்குள் சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றின ஒரு பொட்டலம். கத்தியால் கீறினார்.

கறுப்பு. ஒரு முழத்தில் பாதிதான் வரும். பிடியின் மரம் வெடித்திருந்தது. உருளைக்குள் குண்டில்லை. ஆறு ஓட்டையும் வெறும் ஓட்டை. முத்துக்குமாரு அதைத் தொடாமல் பார்த்தார். தன் தலைக்கு விலையாக இருந்த சாமான் இவ்வளவு சின்னதாக இருக்குமென்று அவர் நினைத்திருக்கவில்லை. வெங்காயம் கிண்டுகிற சுரண்டி இதைவிடப் பெரிது.

பிறகு அவர் மண்ணைத் தொட்டார். அதற்காகத்தான் கிண்டினார் என்றுகூடச் சொல்லலாம். இவ்வளவு நாளாக அவருடைய மண்டைக்குள் இருந்தது றிவோல்வர் இல்லை, மண்தான். அவன் ஏமாற்ற வந்தவன் என்றால் என்ன செய்திருப்பான்? தன்ரை வளவில் ஒரு மண்வெட்டி செம்மண்ணை அள்ளிப் போட்டு மூடியிருப்பான். ஈயத்தால் ஒட்டின ரின்னுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்? செம்மண் என்றால் எல்லாம் பொய். கோப்பியும் பொய், ஞாயிற்றுக்கிழமையும் பொய்.

ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் விரித்தார். பெருவிரலால் தேய்த்தார். மணந்து பார்த்தார். நாக்கு நுனியில் ஒரு துணிக்கை வைத்தார். அறுபது வருசம் மண்ணைக் கிண்டின மனுசனுக்குக் கடிதம் வாசிக்கத் தெரியாது, மண்ணை வாசிக்கத் தெரியும். செம்மண் இல்லை. அயலில் எந்தத் தோட்டத்து மண்ணும் இல்லை. வெளிறின நிறம், பருக்கை மணல், கையில் ஒட்டாத காட்டு மண். இந்தக் குடாநாட்டு மண்ணே இல்லை.

"பாலேஸ்வரி!"

அவள் விளக்குமாற்றோடு ஓடி வந்தாள். றிவோல்வரைக் கண்டதும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள்.

"அதை விடு. எங்கடை நாள்கல்லுக்கு முதல் சார்ஜன் எங்கையாலும் போனவனோ? ஞாபகமிருக்கோ?"

"ஏன் இல்லை? மூண்டு நாள் ஆளைக் காணேல்லை. மடுவுக்குப் போனதெண்டு காய்ச்சலோடை வந்தவர். நான்தானே கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தனான். வழியிலை ரெண்டு இடத்திலை ஆமி பஸ்ஸாலை இறக்கி வெயிலிலை இருத்தினவங்களாம்."

முத்துக்குமாரு உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தில், அந்த றோட்டில், பொலிஸில் இருந்த ஒருவன், ஒரு ரின் மண்ணுக்காக மடுவுக்குப் போய் வந்திருக்கிறான். பொய்க்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

"மண்ணிலை கள்ளம் செய்யேல்லை," என்றார். சொல்லிவிட்டு, உடனே, "படுபாவி!" என்று பல்லைக் கடித்தார். இரண்டையும் மனதாரத்தான் சொன்னார்.

"மண்ணைத் திருப்பி வையுங்கோ," என்றாள் பாலேஸ்வரி. "பாம்பு வந்திடும்."

பாதி மண்ணை நாள்கல்லுக்குக் கீழே திருப்பிப் போட்டு, குழியை மூடி, மேலே சிமெந்து பூசினார்கள். மிச்சப் பாதியை ஒரு புதுப் பால்மா ரின்னில் போட்டு, நடுவில் சாமானை வைத்து, மூடியைச் சுற்றி மெழுகு வார்த்தார் முத்துக்குமாரு.

இரண்டு நாள் கழித்துக் காலையில், ரின்னை உரப்பையில் போட்டு, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, செபநாயகத்தைப் புதைத்த சேமக்காலைக்குப் போனார். வழியில் இரண்டு பொலிஸ்காரர் மோட்டார் சைக்கிளில் எதிரே வந்தார்கள். சைக்கிள் ஒரு பக்கம் ஆடியது. அவர்கள் ஹெல்மெற் போடாத ஒருவனைத் துரத்திக்கொண்டு போனார்கள். இவர் இறங்கி, வேலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்ப ஏறினார்.

சேமக்காலையில் எமில்ராஜ் புதைகுழியைச் சுற்றி அத்திவாரம் வெட்டி, சிமெந்து குழைத்துவைத்திருந்தான். ஸ்ரெல்லா கறுப்புச் சேலையில் நின்றாள். முத்துக்குமாரு உரப்பையிலிருந்து ரின்னை எடுத்தார்.

"என்ன ஐயா ரின்?" என்றான் எமில்ராஜ்.

"மண்."

"பொலிஸ்காரருக்குக் காணி எழுதிக் குடுக்கிறியள்போலை."

"ஓம். உறுதியும் உள்ளுக்கைதான் கிடக்கு. நீ உன்ரை வேலையைப் பார்."

ஸ்ரெல்லா கிட்ட வந்தாள். தகப்பனுக்காக மண் வைப்பதென்றால் தானும் தொட்டு வைக்க வேண்டும் என்று இரண்டு கையையும் நீட்டினாள். கொடுக்காமல் விட முடியாது. கொடுத்தார். ரின் கைக்கு வந்ததும் அவளுடைய தோள் ஒரு தரம் கீழே இறங்கி ஏறியது.

"பாரமாக் கிடக்கு மாமா."

"மண் பாரம்தானே, பிள்ளை."

அவள் நிமிர்ந்து அவருடைய கண்ணைப் பார்த்தாள். விளங்கிவிட்டது. முகம் அன்றைக்கு அறைக்குள் வெளிறின மாதிரியே வெளிறியது. எமில்ராஜ் கரண்டியோடு காத்துக்கொண்டு நின்றான். ஒரு சொல் சொன்னால் எல்லாம் முடிந்தது. ஸ்ரெல்லா குனிந்து, ரின்னைத் தலைமாட்டுப் பக்கத்து அத்திவாரத்துக்குள் தானே வைத்தாள். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு விலகி நின்றாள்.

முத்துக்குமாரு கல்லைத் தூக்கி அதன் மேல் வைத்தார். வைத்த கையை எடுக்காமல், குனிந்தபடியே, ஒருவருக்கும் கேளாமல் சொன்னார். "கையெழுத்து வச்சவன் நீ. நீயே வச்சிரு."

பிறகு எமில்ராஜைப் பார்த்து, "சிமெந்தைக் கஞ்சத்தனம் பண்ணாமல் போடு. மூலையை நான் வந்து பாப்பன்," என்றார்.

பார்க்கத்தான் போனார். முதல் ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்குச் சேமக்காலைக்குப் போய்த் தலைமாட்டுச் சிமெந்தை விரலால் தட்டினார். வெடிப்பு இருக்கிறதா, நாய் கிண்டியிருக்கிறதா என்று சுற்றி வந்தார். இருட்டும்வரை காவல் இருந்தார். இரண்டாம் ஞாயிறும் அப்படித்தான். "ஆரைப் பாக்கப் போறியள், அவரையோ, சாமானையோ?" என்று பாலேஸ்வரி கேட்டாள். "சாமானைத்தான். வேறை என்னத்தை?" என்றார் முத்துக்குமாரு. அது மெய்யும்தான்.

மூன்றாம் ஞாயிறு விதை வெங்காயத்தில் ஒருவன் அவரை ஏமாற்றியிருந்தான். அந்தக் கோபத்தோடு போய், கல்லறையோடு சாய்ந்து குந்தினார். மேல் வெங்காயத்தை நசித்துப் பார்த்ததையும், கீழே முழுக்க அழுகலாக இருந்ததையும், தான் கேட்ட கேள்வியையும், அவன் சொன்ன பொய்யையும் ஒன்று விடாமல் செபநாயகத்துக்குச் சொன்னார். சொல்லி முடிய இருட்டிவிட்டது. எழும்பி, மண்ணைத் தட்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசல்வரை வந்த பிறகுதான் நினைவு வந்தது. இன்றைக்கு மூலையைப் பார்க்கவில்லை. ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.

முத்துக்குமாரு சைக்கிளைப் பிடித்தபடி அப்படியே நின்றார். கடிதம் கேட்ட நாளில்கூட அவர் இப்படித் திகைத்து நின்றதில்லை.

திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. சேமக்காலைப் படலையின் கொளுவியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.